பலெர்மோவில் இனித்த மூன்று நாட்கள்

பத்மாவதி பொலிஸ் நிலையத்து மர வாங்கில் உட்கார்ந்திருந்த மூன்று நாட்களும் நான் சிசிலித் தீவில் இனிப்புத் தின்றுகொண்டிருந்தேன். தெரியாமல் அல்ல. தெரிந்தே தின்றேன்!

இந்த ஒரு வரியை எழுத எனக்கு இத்தனை ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. கொழும்பில் ஒரு பெண்கள் பாடசாலையில் தமிழ் படிப்பித்தவள் நான். பிள்ளைகளின் கட்டுரைகளில், 'சுற்றி வளைக்காமல் நேரே சொல்' என்று சிவப்பு மையால் எழுதி எழுதியே கை தேய்ந்தவள். என் சொந்த விஷயம் என்று வந்தபோது மட்டும்... வேண்டாம். இப்போதாவது நேரே சொல்கிறேன்.

உங்களை எனக்குத் தெரியாது. என்னையும் உங்களுக்குத் தெரியாது. அந்தத் துணிவில்தான் சொல்ல முடிகிறது.

அது யுத்த காலம். வெள்ளவத்தையில் கடற்கரை ரயில் பாதையை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மேல்மாடியில் இரண்டு அறை கொண்ட வீட்டில் நான் தனியாக இருந்தேன். கணவர் நோயில் போய்ச் சேர்ந்து ஒன்பது ஆண்டுகள். பிள்ளைகள் இல்லை. கீழ்வீட்டில் பரீனாக்கா. அவரும் அவருடைய கணவரும் மட்டுமே.

அந்த நாட்களில் தமிழ் வீடுகளில் ஒரு படிவம் இருக்கும். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று எழுதி, பொலிஸ் நிலையத்தில் முத்திரை குத்தி வாங்கி, கதவுக்குப் பின்னால் ஒட்டி வைப்போம். இரண்டு நாளைக்கு வந்து தங்குபவரையும் பதிய வேண்டும். பதியாதவர் சோதனையில் அகப்பட்டால்... அதற்கு மேல் என்ன நடக்கும் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. எல்லாருக்கும் தெரியும்.

என் படிவத்தில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. என் பெயர்.

பத்மாவதி பெப்ரவரி கடைசியில் வந்தாள். என்னோடு படிப்பித்த ஆசிரியை ஒருவரின் ஊர்க்காரி. வன்னியிலிருந்து, எத்தனையோ பேரிடம் அனுமதி கேட்டு, கணவனைக் கொழும்புக்குக் கொண்டுவந்து புற்றுநோய் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தாள். தொண்டையில் நோய். "ஒரு கிழமைக்குத் தங்க இடம் குடுத்தாக் காணும்" என்று கேட்டார் அந்த ஆசிரியை. ஏழு நாள் என்றது ஆறு கிழமையானது. எனக்கு அதில் மனக்குறை ஏதும் இருக்கவில்லை. உண்மையாகவே இருக்கவில்லை!

முப்பத்தைந்து, முப்பத்தாறு வயதிருக்கும் அவளுக்கு. மெலிந்த தோள். நான் எழும்புவதற்கு முன்பே எழும்பிக் கஞ்சி காய்ச்சுவாள். ஆஸ்பத்திரிச் சாப்பாடு அந்த மனிதருக்கு இறங்குவதில்லை. இவள் காய்ச்சி, வடித்து, ஆற்றிக் கொண்டுபோகும் கஞ்சி மட்டும்தான் தொண்டையால் இறங்கும். போத்தலைத் துணியில் சுற்றி, இரண்டு பஸ் மாறிப் போவாள். மூன்று மணிக்குத் திரும்பி வந்து, என் வீட்டை எனக்கே கேட்காதபடி கூட்டுவாள்.

வந்த இரண்டாம் நாளே தன் அடையாள அட்டையின் பிரதியை என்னிடம் தந்தாள்.

"மிஸ், பொலிசில பதியவேணுமாம் எண்டு பஸ்ஸில கதைச்சவை. எனக்குச் சிங்களம் தெரியாது. நீங்கள்தான் பதிஞ்சு விடவேணும்."

"ஓம், நான் பாக்கிறன்" என்றேன்.

இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் நிலையத்தின் வாசலில் நின்ற வரிசையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். வரிசைக்காகவா திரும்பினேன்? இல்லை... அப்போது என் கடவுச்சீட்டு இத்தாலித் தூதரகத்தில் இருந்தது. பலெர்மோவில் இருக்கும் என் தம்பி ஈசன், ஏப்ரல் விடுமுறைக்கு வரும்படி கடிதம் அனுப்பியிருந்தான். வன்னியிலிருந்து வந்தவளை வீட்டில் வைத்திருக்கிறேன் என்று பதியப்போனால் கேள்வி வரும், என் பெயரைக் குறிப்பார்கள், விசா கிடைக்காமல் போகும்... இப்படி ஒரு பயம். யாரும் அப்படிச் சொல்லவில்லை. நானே நினைத்தேன், நானே பயந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சேலைக்கு அயர்ன் போட்டுக்கொண்டிருந்தேன். பத்மாவதி கதவோரம் வந்து நின்றாள்.

"மிஸ், அந்தப் பதிவு...?"

"அது பதிஞ்சாச்சு. நீர் யோசியாதையும்."

அவ்வளவுதான்! சேலையின் மடிப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னேன். எவ்வளவு இலகுவாக வந்தது அந்தப் பொய்! விசா வந்தபின் பதிந்துவிடலாம் என்று எண்ணியிருந்தேன் என்று உங்களிடம் சொல்லலாம். ஆனால் விசா வந்தபின் பயணப் பெட்டி அடுக்க வேண்டியிருந்தது. தம்பிக்கு மிளகாய்த்தூள் இடிப்பிக்க வேண்டியிருந்தது. படிவம் கதவுக்குப் பின்னால் அப்படியே இருந்தது. பத்மாவதிக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்க வரும். படிவமோ சிங்களத்தில்.

புறப்படும் நாளன்று அவள்தான் என் பெட்டியைப் படியால் இறக்கிக் கொடுத்தாள்.

"சந்தோசமாப் போட்டு வாங்கோ மிஸ். வீட்டை நான் பாத்துக்கொள்ளுறன்."

ஈசனை நான் பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு பார்த்தேன். இருபது வயதில் ஊரை விட்டு ஓடியவன், எந்தெந்த நாடுகளின் எல்லைகளையோ கடந்து பலெர்மோ நகரத்தில் போய் ஒதுங்கியிருந்தான். அங்கே நம்மவர்கள் நிறையப் பேர். பெரும்பாலும் வீட்டு வேலை, முதியோரைப் பார்க்கும் வேலை. ஈசனுக்கு மட்டும் ஓர் இனிப்புக் கடையின் பின்கட்டில் வேலை கிடைத்தது. முதலில் தட்டுக் கழுவினான். பிறகு மா பிசைந்தான். நான் போனபோது அவன்தான் அந்தக் கடையில் காலை இனிப்புகளுக்குப் பூரணம் வைப்பவன். நாலாம் மாடியில் ஒற்றை அறை, ஒரு தொலைபேசி, ஒரு முருகன் படம். அதுதான் அவன் வீடு.

"அக்கா, நான் இஞ்ச வந்து படிச்சது இது ஒண்டுதான். உனக்கு எல்லாத்தையும் காட்டவேணும்" என்றான்.

காட்டினான். முதல் நாள் காலைச் சாப்பாடே ஐஸ்! வாதுமைப் பாலை உறையவைத்துச் சுரண்டிய 'கிரனீத்தா'வை ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்து, பக்கத்தில் குடுமி வைத்ததுபோல ஒரு மெத்தென்ற பணிஸ் ரொட்டியைத் தந்தான். பணிசைப் பிய்த்து ஐஸில் தோய்த்துச் சாப்பிட வேண்டும். வெள்ளவத்தையில் சொன்னால் சிரிப்பார்கள் என்றேன். அவன் சிரித்தான். பதினான்கு ஆண்டுகளில் அவன் பல் ஒன்று விழுந்திருந்தது.

அந்த நகரத்துத் தெருக்கள் எனக்கு முதலில் விளங்கவேயில்லை. சந்தியில் மண்மூட்டை இல்லை. சோதனைச் சாவடி இல்லை. நான் பழக்கத்தில் கைப்பைக்குள் அடையாள அட்டையைப் பிடித்தபடியே நடந்தேன்.

"அதை உள்ள வை அக்கா. இஞ்ச ஒருத்தரும் கேக்கமாட்டினம்."

வைத்தேன். நாலாம் நாள் கையை வீசி நடந்தேன். கடைக் கண்ணாடிகளுக்குள், கடந்துபோன ஈஸ்டருக்காகச் செய்த வாதுமை மா ஆட்டுக்குட்டிகள் இன்னும் ஒன்றிரண்டு மிச்சமிருந்தன. அதே வாதுமை மாவில் செய்து பழம் போலவே நிறம் தீட்டிய மாப்பழங்கள் கூடை கூடையாக இருந்தன. நான் குழந்தைபோலக் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தேன். நாற்பத்து மூன்று வயதில், என் உடம்பு முதன்முதலாகத் தளர்ந்து கிடந்தது... அதை உங்களுக்கு எப்படி விளங்கவைப்பேன்? சப்பாத்துச் சத்தம் கேட்டால் விறைக்காத ஓர் உடம்பு!

ஒரு புதன்கிழமை மத்தியானம். ஈசன் குளித்துக்கொண்டிருந்தான். தொலைபேசி அடித்தது. பரீனாக்கா.

"மிஸ்! ஒங்கட வீட்டுல ஈக்கிற அந்தப் புள்ளய புடிச்சிட்டாங்க மிஸ்!"

ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது பஸ்ஸை நிறுத்திச் சோதித்திருக்கிறார்கள். பத்மாவதி துணிவாகச் சொல்லியிருக்கிறாள், நான் பதிந்த ஆள் என்று. வீட்டுக்கே கூட்டிவந்து படிவத்தைப் பார்த்திருக்கிறார்கள். அவளுடைய பெயர் அதில் இல்லை.

"அந்தப் புள்ள சத்தியம் பண்ணிச் செல்லுது மிஸ், எங்கட மிஸ் பதிஞ்சாங்க, பதிஞ்சாங்கண்டு. பொய் செல்றாண்டு அவங்களுக்குக் கோவம் கூடிட்டு. நான் செல்லிப் பாத்தேன். வீட்டுக்காரி நானில்லயே... பொலிஸ் பெரிய மாத்தயா நல்ல மனிசன். வீட்டுக்கார மிஸ் ஒரு கடிதம் எழுதி, பாஸ்போட் கொப்பியோட ஃபக்ஸ் பண்ணினாப் போதுமாம், இன்டக்கே விடுறண்டாரு. நம்பர எழுதுங்க."

கையில் கிடைத்த இனிப்புக் கடைக் காகிதப் பையில் எழுதினேன்.

"இன்னொண்டு மிஸ். அவட மாப்புள எந்த வார்டு? உள்ள பேச விடுறாங்க இல்ல. பேரச் செல்லுங்க, இவர அனுப்பிப் பாக்கச் செல்றேன்."

எனக்குத் தெரியாது. ஆறு கிழமை! ஆறு கிழமையாக என் அடுப்பில் அந்த மனிதருக்குக் கஞ்சி கொதித்தது. அவருடைய பெயரை நான் ஒரு நாளாவது கேட்கவில்லை. 'அவர்' என்பாள் அவள், 'அவர் எப்படி?' என்பேன் நான். அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

"தெரியாது பரீனாக்கா... நான் இண்டைக்கே ஃபக்ஸ் அனுப்புறன்."

ஈசன் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தான். "ஆர் அக்கா?"

"பரீனாக்கா. சும்மா... சுகம் கேட்டவ."

ஏன் அப்படிச் சொன்னேன்? இந்தக் கேள்வியை எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருப்பேன்! அன்று தொடங்கி மூன்று நாட்களுக்கு அவன் விடுமுறை எடுத்திருந்தான். எனக்காக. அவன் முகம் அப்படி ஒளிர்ந்துகொண்டிருந்தது... அதற்காகவா? அது பாதிதான். கடிதம் எழுதினால், 'நான் பதியவில்லை' என்று என் கையாலேயே எழுத வேண்டும். கையெழுத்து வைக்க வேண்டும். நான் திரும்பி இறங்கும்போது விமான நிலையத்தில் என் பெயரைக் கூப்பிடுவார்களோ? வேலை போகுமோ? நாளைக்கு யோசித்து எழுதலாம்... ஒரு நாள்தானே? ஒருவேளை அதற்குள் அவர்களே விட்டுவிடமாட்டார்களா?

காகிதப் பையை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன். அடையாள அட்டைக்குப் பக்கத்தில்.

அன்று மாலை ஈசன் என்னைக் 'கன்னோலி' சாப்பிடக் கூட்டிப்போனான். மாவைக் குழாய்போலச் சுருட்டிப் பொரித்து, கேட்கும்போதுதான் உள்ளே பூரணம் வைத்துத் தருவார்கள். முன்கூட்டி வைத்தால் ஓடு ஊறிவிடுமாம். செம்மறிப் பாலில் செய்த ரிக்கோட்டாப் பாற்கட்டியைச் சீனியோடு அரித்து, பட்டுப்போல ஆக்கிய வெள்ளைப் பூரணம். ஒரு முனையில் பொடித்த பிஸ்தா, மறு முனையில் சீனிப்பாகில் ஊறிய செம்மஞ்சள் தோடம்பழத் தோல்.

அது எனக்கு ருசிக்கவில்லை, சாம்பல்போல இருந்தது என்று இங்கே எழுத எவ்வளவு ஆசைப்படுகிறேன், தெரியுமா? எழுதினால் நீங்கள் என்னைக் கொஞ்சம் மன்னிப்பீர்கள்.

ஆனால் ருசித்தது! ஓடு பல்லுக்கிடையில் நொறுங்கி, குளிர்ந்த பூரணம் நாக்கில் பரவியபோது நான் கண்ணை மூடினேன். இன்னொன்று வேண்டுமா என்று அவன் கேட்டான். ஓம் என்றேன்.

கொழும்பில் அப்போது இருட்டியிருக்கும்.

வியாழக்கிழமை அவன் ஒரு நண்பனின் காரை வாங்கி என்னை மலைமேல் இருக்கும் எரிச்சே என்ற பழைய ஊருக்குக் கூட்டிப்போனான். போகும் வழியில் ஒரு சிற்றூரில் எண்ணெய் அடிக்க நிறுத்தினான். எதிரே ஒரு காகிதாதிக் கடை. வாசலில் 'ஃபக்ஸ்' என்று எழுதிய பலகை. நான் அதைப் பார்த்தேன். காருக்குள் இருந்தபடியே, அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக வாசித்தேன். கதவின் கைப்பிடியில் என் கை இருந்தது. அதுவரைக்கும் போனது கை...

"என்ன அக்கா, இறங்கப்போறியே?"

"இல்லை. காத்து வரட்டும் எண்டு."

கண்ணாடியை இறக்கினேன்!

மலையுச்சியில் குளிர். கல் பதித்த ஒழுங்கையில், ஒரு காலத்தில் கன்னியர் மடங்களில் செய்த இனிப்புகளைச் சுடச்சுட விற்கிறார்கள். உள்ளங்கையளவு வட்டப் பணியாரம், மேலே சீனித்தூள், கடித்தால் உள்ளேயிருந்து சூடான கஸ்டர்ட் வழியும். ஈசன் தன் கடைக்குறிப்பெல்லாம் சொன்னான். இந்த மாவுக்கு எவ்வளவு பொறுமை வேண்டும், மடத்துக் கன்னியர்கள் எப்படி ஒரு மரச் சுழல்பெட்டியினூடாக முகம் காட்டாமலே இனிப்பு விற்றார்கள்... நான் தலையாட்டிக்கொண்டு தின்றேன். வாயோரத்தில் ஒட்டியிருந்த சீனித்தூளை அவன் தன் லேஞ்சியால் துடைத்துவிட்டான். சின்ன வயதில் அவனுக்கு நான் துடைத்துவிட்டதுபோல.

அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவன் அந்தக் கணமே மலையிலிருந்து இறங்கியிருப்பான். எனக்கு அது நன்றாகத் தெரியும். அதனால்தான் சொல்லவில்லை போலும்.

வெள்ளிக்கிழமை. அவன் தன் கடைக்குப் போய், தன் கையாலேயே எனக்கென்று ஒரு 'கசாத்தா' செய்து எடுத்துவந்தான். ரிக்கோட்டாவும் கேக்கும் அடுக்கடுக்காக வைத்து, பக்கமெல்லாம் பச்சை நிற வாதுமை மா பூசி, மேலே வெள்ளைப் பாகு ஊற்றி, சீனியில் ஊறிய பழங்களைப் பூப்போலப் பரப்பிய இனிப்பு. முதலாளி பார்த்துவிட்டு, இது யாருக்கு என்று கேட்டாராம். என் அம்மாவுக்கு என்று சொன்னானாம். "உன்னைத்தான் சொன்னனான்" என்றான். எங்கள் அம்மா இறந்தபோது அவனுக்குப் பதினொரு வயது. வளர்த்தது நான்.

நாலு மணிக்கு உட்கார்ந்து சாப்பிட்டோம். இரண்டாவது துண்டு என் தட்டில் இருந்தது. தொலைபேசி அடித்தது. நான் எழும்புவதற்குள் ஈசன் எடுத்துவிட்டான்.

"ஓம்... ஓம், தம்பிதான்... எப்ப? ...புதன்கிழமையோ?"

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் நான் தட்டைப் பார்த்தேன்.

தொலைபேசியை வைத்தான். கத்தவில்லை. கத்தியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

"அக்கா... நீ இதை மனசில வைச்சுக்கொண்டோ மூண்டு நாளும் சாப்பிட்டனி?"

வாய்க்குள் இனிப்பு இருந்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. கடைசியில்... விழுங்கினேன்.

கடிதத்தை அவன் சொல்லச் சொல்லத்தான் நான் எழுதினேன். தமிழ் ஆசிரியைக்கு ஒரு வசனம் வரவில்லை! அவன் என் கையைப் பிடித்துத் தெருவால் இழுத்துக்கொண்டு ஓடினான். ஐந்து மணிக்கு ஃபக்ஸ் போனது. என் விருப்பத்தால் போனதல்ல அது. என்னிடம் விட்டிருந்தால் சனிக்கிழமையும் போயிருக்குமா? நான் சத்தியம் செய்யமாட்டேன்.

அந்தப் பெரிய அதிகாரி சொல் தவறவில்லை. சனிக்கிழமை காலை பத்மாவதியை விட்டுவிட்டார்கள். அவள் வீட்டுக்குக்கூட வராமல், கசங்கிய அதே சேலையோடு நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

கட்டிலில் வேறு ஒருவர் படுத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் இறந்துபோனார்.

மீண்டும் சொல்கிறேன்: வெள்ளிக்கிழமை மத்தியானம். புதன்கிழமை நான் எழுதியிருந்தால், வியாழக்கிழமை காலை அவள் அவர் பக்கத்தில் இருந்திருப்பாள். எரிச்சே போகும் வழியில் அந்தக் கதவைத் திறந்திருந்தாலும் கூட, வெள்ளி காலையிலாவது... கணக்கு எப்படிப் போட்டாலும் அங்கேதான் வந்து நிற்கிறது.

விடுமுறை முடியும்வரை நான் பலெர்மோவில் இருந்தேன். பிறகு எந்த இனிப்பும் வாங்கவில்லை, அவனும் கேட்கவில்லை. வேலைக்குப் போவான், வருவான், சமைத்து வைப்பான். விமான நிலையத்தில் என் கையில் ஒரு பெட்டியைத் தந்தான். உள்ளே வாதுமை மாப்பழங்கள்.

"அந்த அக்காட்டைக் குடு. குடுத்துப்போட்டு... நடந்ததைச் சொல்லு. நீதான் சொல்லவேணும்."

"சொல்லுறன்" என்றேன்.

வழி முழுக்க அந்த வசனங்களை மனத்துக்குள் ஒத்திகை பார்த்தேன். 'பத்மாவதி, நான் உம்மைப் பதியவில்லை. பொய் சொன்னேன். தெரிந்த பிறகும் மூன்று நாள் சும்மா இருந்தேன்.' மூன்று வசனம்தானே?

வீட்டுக்கு வந்தேன். அவள் படியிறங்கி வந்து என் பெட்டியை வாங்கினாள். நெற்றி வெறுமையாக இருந்தது. பரீனாக்காவின் கணவரும் பள்ளிவாசலுக்குப் பக்கத்துக் கடைக்காரர் இரண்டு பேரும் சேர்ந்துதான் கனத்தை மயானத்தில் எல்லாவற்றையும் செய்து முடித்திருந்தார்கள். ஊரிலிருந்து ஒருவராலும் வர முடியவில்லை.

என் மேசைமீது மரணச் சான்றிதழ் இருந்தது. அதில்தான் அவருடைய பெயரை முதன்முதலாக வாசித்தேன். சிவபாதம்.

பத்மாவதி எனக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்தாள். அழாமல் சொன்னாள்.

"பக்கத்துக் கட்டில் ஐயா சொன்னவர், மிஸ். தேயிலைத் தோட்டத்து ஆள். வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக் கஞ்சி குடுக்க இவர் வேண்டாமெண்டு கையைக் காட்டினவராம். அவள் கொண்டருவாள் எண்டு வாசலையே பாத்துக்கொண்டு கிடந்தவராம். கதைக்க ஏலாதுதானே... வெள்ளிக்கிழமை காலமை ஒரு கடதாசித் துண்டில எழுதிக் காட்டினவராம், 'ஊருக்குப் போட்டாளோ' எண்டு."

நான் தேநீர்க் கோப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"டொக்டர் சொன்னவர், எப்பிடியும் ஒரு மாசந்தான் எண்டு. அது பரவாயில்லை. நான் விட்டிட்டுப் போட்டன் எண்டு நினைச்சுப்போட்டார், மிஸ்... அதுதான்."

இப்போது சொல். இப்போதே சொல்! எனக்குள் யாரோ கத்தினார்கள். வாயைத் திறந்தேன்.

அவள் குனிந்து என் இரண்டு கைகளையும் பிடித்தாள். சொரசொரப்பான, சூடான கை.

"நீங்கள் அவ்வளவு தூரத்தில இருந்து கடிதம் அனுப்பாட்டி நான் இண்டைக்கும் உள்ளுக்குத்தான், மிஸ். அவற்ற முகத்தைக்கூடக் கடைசியாப் பாத்திருக்கமாட்டன். உங்களை நான் சாகுமட்டும் மறக்கமாட்டன்."

பிறகு, ஏதோ நினைவு வந்ததுபோல நிமிர்ந்து கேட்டாள்:

"அந்தப் பதிவு... நீங்கள் பதிஞ்சது. அவங்கள்தான் எங்கையோ துலைச்சுப்போட்டாங்கள் போல, என்ன மிஸ்?"

அவள் சந்தேகத்தில் கேட்கவில்லை. நீங்கள் அவள் கண்களைப் பார்த்திருக்க வேண்டும்! என்மேல் அவளுக்குச் சந்தேகம் என்ற ஒன்றே இருக்கவில்லை. நான் தப்புவதற்கு வழியை அவளே திறந்து வைத்தாள். அதற்குள் நுழைந்தேன்.

"ஓம்" என்றேன். "துலைச்சிருப்பாங்கள்."

பொலிசுக்குப் பயந்து சொன்ன முதற் பொய்யைக்கூட நான் ஒருவாறு சுமந்துவிடுவேன். தின்ற மூன்று நாட்களையும் சுமந்துவிடுவேன். இந்த ஒற்றை 'ஓம்'... அதைச் சொல்லும்போது எனக்கு எந்தப் பொலிசும் இல்லை, எந்த விசாவும் இல்லை. அவள் என்னை நல்லவள் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அதை இழக்க எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவு சின்னக் காரணம்!

மறுநாள் என்னை நிலையத்துக்குக் கூப்பிட்டார்கள். எது எதற்கெல்லாம் பயந்து நடுங்கினேனோ, அதற்குத்தான். ஓர் இளம் அதிகாரி வாக்குமூலம் எழுதினார். இனி இப்படிச் செய்யக்கூடாது டீச்சர் என்றார். கையெழுத்து வைத்தேன். பத்து நிமிடம்! போய்வர எடுத்த நேரத்தைவிடக் குறைவு. வாசலில் ஒரு வாங்கு இருந்தது. அதில்தான் இருந்திருப்பாளோ என்று நினைத்தேன். நின்று பார்க்கத் துணிவில்லாமல் வந்துவிட்டேன்.

மாப்பழங்களைக் கொடுத்தேன். பத்மாவதி பெட்டியைத் திறந்து, ஒரு சின்னத் தோடம்பழத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "உண்மையான பழம் மாதிரியே கிடக்கு. தங்கச்சியின்ர பிள்ளையளுக்குக் கொண்டுபோறன்" என்று சொல்லித் தான் ஒன்றும் தின்னாமல் மூடி வைத்தாள். அடுத்த கிழமை அந்தப் பெட்டியையும் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு வவுனியா ரயிலில் ஏறிப் போனாள்.

இரண்டு கடிதங்கள் வந்தன. முதலாவதில், சுகமாக வந்து சேர்ந்ததாக எழுதியிருந்தாள். இரண்டாவதில், ஏதோ பத்திர அலுவலாக மறுபடி கொழும்பு வர நேரலாம், அப்போது உங்கள் வீட்டில்தான் நிற்பேன் என்று. அவள் வந்ததும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். கடிதத்தில் எழுதக்கூடாது, கடிதங்களைப் பிரித்து வாசிக்கிறார்கள் என்று எனக்கு நானே காரணம் சொன்னேன். வன்னிப் பாதை மூடியது. திறந்தது. மீண்டும் மூடியது. யுத்தம் அந்தப் பக்கம் முழுவதையும் விழுங்கி முடித்தபின், அந்த ஊர்க்காரர் எவரைக் கண்டாலும் விசாரித்தேன். ஒருவர் முகாமில் கண்டேன் என்றார். இன்னொருவர், அது வேறு பத்மாவதி என்றார்.

ஈசன் மாதத்துக்கு ஒரு தடவை பேசுவான். சுகம் விசாரிப்பான், மருந்து எடுத்தாயா என்பான். வைப்பதற்கு முன், குரலைத் தாழ்த்தி ஒரு கேள்வி கேட்பான்.

"அக்கா... அவவிட்டைச் சொல்லீட்டியே?"

"இல்லையடா" என்பேன். "ஆளைக் கண்டுபிடிக்கேலாமல் கிடக்கு."

"ம்" என்பான்.

எத்தனையோ ஆண்டுகள் அப்படித்தான் போயின. அந்தக் கேள்வி வரும் என்று தெரிந்து, பேச்சை வேறு பக்கம் திருப்ப நான் என்னென்னவோ செய்வேன். ஆனாலும் அவன் கேட்பான்.

போன மாதம் பேசினான். சுகம் கேட்டான். மருந்து கேட்டான்.

"சரி அக்கா, வைக்கட்டே" என்றான்.

அவன் கேட்கவில்லை. நான் காத்துக்கொண்டிருந்தேன்... வைத்துவிட்டான்.